எஞ்சின்களும் கிங்ஸ் கேம்பிட்டும்: எங்கள் செஸ் போட்டி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல்லடம் பக்கம் ஒரு தறிக்குடோனுக்கு மேலே இருக்கும் மாடி அறையில், நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து மார்கழி மாதம் ஒரு போட்டி நடத்துகிறோம். ஆடுவது மனிதர்கள் அல்ல, கம்ப்யூட்டர் செஸ் எஞ்சின்கள். மொத்தம் எட்டு, எல்லாமே கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்துப் பிள்ளைகள் சொந்தமாக எழுதியவை. ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல்களை எஞ்சின்கள் தேர்ந்தெடுப்பதில்லை, நாங்களே முன்கூட்டி வைத்துவிடுகிறோம். இந்த முறை கிங்ஸ் கேம்பிட் என்ற ஓபனிங் (தொடக்க வரிசை), வெள்ளை இரண்டாவது நகர்த்தலிலேயே ஒரு சிப்பாயைக் கொடுக்க முன்வருவது. இதைச் சொன்ன நாளிலிருந்து போனிலும் பேக்கரியிலும் ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. பதில் சொல்லி வாய் வலித்துப்போய் எழுதி வைத்துவிட்டேன்.

ஏனுங்க, அந்த எஞ்சின் எத்தனை எச்பி?

சிரிக்க வேண்டாம், கேட்டது என் அப்பா. எங்கள் பக்கம் எஞ்சின் என்றால் கிணற்றுமேட்டில் படபடவென்று புகை விட்டுக்கொண்டு தண்ணீர் இறைக்கிற ஆயில் எஞ்சின்தான், அவரைக் குறை சொல்ல முடியாது. செஸ் எஞ்சின் என்பது வெறும் புரோகிராம். அதற்குப் பலகையும் கிடையாது, காய்களின் படமும் கிடையாது. "காய்கள் இப்படி நிற்கின்றன, உன் கடிகாரத்தில் இவ்வளவு நேரம் பாக்கி, என்ன நகர்த்துகிறாய்?" என்று எழுத்தில் கேட்டால், "ஜி1இல் இருப்பதை எஃப்3க்கு" என்று எழுத்தில் பதில் சொல்லும் (ஜி1, எஃப்3 எல்லாம் பலகையில் கட்டங்களின் பெயர்). கேட்பது, பலகையைக் காட்டுவது, கடிகாரம் ஓட்டுவது எல்லாம் வேறொரு மென்பொருளின் வேலை. நாங்கள் கியூட் செஸ் என்ற இலவச மென்பொருளை வைத்திருக்கிறோம். இரண்டும் பேசிக்கொள்கிற பாஷைக்கு யூசிஐ என்று பெயர், 2000ஆம் ஆண்டு வந்தது. சி++இல் எழுதினாலும் ரஸ்டில் எழுதினாலும் யூசிஐ பேசத் தெரிந்தால் எங்கள் போட்டிக்கு வரலாம்.

முதல் நகர்த்தலிலிருந்து அதுகளையே ஆட விட்டால் என்ன?

விட்டுப் பார்த்தோம், முதல் வருடம். சப்பென்று இருந்தது. எஞ்சினுக்கு மனசு மாறாது. ஒரே நிலையை ஒரே அளவு ஆழத்துக்கு யோசிக்கச் சொன்னால் ஒரே பதிலைத்தான் சொல்லும், அதிலும் ஒற்றை த்ரெட்டில், அதாவது வேலையைப் பிரித்துக்கொள்ளாமல் ஒரே ஓட்டமாக ஓடுகிற எஞ்சின் என்றால் கேட்கவே வேண்டாம். கடிகாரத்தில் மில்லிசெகண்ட் கணக்கில் வருகிற சின்ன வித்தியாசத்தால் எப்போதாவது வேறு பாதையில் போகும், மற்றபடி பத்து ஆட்டம் வைத்தால் ஏழு எட்டு ஆட்டம் பாதி தூரத்துக்கு மேல் அச்சு அசலாக ஒன்றாகவே இருக்கும். பத்து ஆட்டம் ஆடியதாகக் கணக்கு எழுதலாம், உண்மையில் ஆடியது இரண்டோ மூன்றோதான்.

பெரிய எஞ்சின்களுக்கு இன்னொரு தலைவலி, டிரா. 2018 டிசம்பரில், கூகுளின் டீப்மைண்ட் உருவாக்கிய ஆல்ஃபாஸீரோ, ஸ்டாக்ஃபிஷ் என்ற பலமான இலவச எஞ்சினோடு ஆடிய 1000 ஆட்டங்களின் கணக்கு வெளியானது: ஆல்ஃபாஸீரோ 155 வெற்றி, 6 தோல்வி, மீதி 839 டிரா. அன்றைக்கே அப்படி. அதற்குப் பிறகு எஞ்சின்கள் எவ்வளவோ பலமாகிவிட்டன, இன்றைக்கு உச்சியில் இருக்கும் இரண்டை வழக்கமான தொடக்க நிலையிலிருந்து நிறைய நேரம் கொடுத்து ஆட விட்டால் டிரா, டிரா, மறுபடியும் டிரா என்று கொட்டாவி வரும். எங்கள் பிள்ளைகளின் எஞ்சின்கள் அந்த உயரத்தில் இல்லை, தாராளமாகத் தப்பு செய்கின்றன, ஆகவே டிரா எங்களுக்குப் பெரிய தொல்லை இல்லை. திரும்பத் திரும்ப ஒரே ஆட்டம் வருவதுதான் தொல்லை, அதனால்தான் தொடக்கத்தை நாங்களே மாற்றி மாற்றிக் கொடுக்கிறோம்.

சோமனூரில் தறி ஓட்டுகிற யாரையும் கேட்டுப் பாருங்கள். இரண்டு தறியில் எது நல்ல தறி என்று பார்க்க வேண்டுமானால் இரண்டிலும் ஒரே பாவு ஏற்றி ஓட்டுவார்கள். ஒன்றில் நல்ல நூலும் இன்னொன்றில் அறுந்து அறுந்து போகிற நூலும் போட்டுவிட்டுத் தறியைப் பழிப்பதில் என்ன இருக்கிறது? நாங்கள் இரண்டு எஞ்சினுக்கும் ஒரே ஓபனிங்கைக் கொடுப்பதும் இதற்குத்தான்.

கிங்ஸ் கேம்பிட்டில் வெள்ளைக்கு நஷ்டம் என்கிறார்களே, வெள்ளை ஆடுகிற எஞ்சினுக்கு இது அநியாயம் இல்லையா?

ஒரு ஆட்டத்தை மட்டும் பார்த்தால் அநியாயம்தான். அதனால் ஒரு ஆட்டத்தை மட்டும் பார்க்காதீர்கள். ஒவ்வொரு ஓபனிங்கையும் அதே இரண்டு எஞ்சின்கள் இரண்டு முறை ஆடும், நிறம் மாற்றி. நீ வெள்ளையில் என்ன கஷ்டப்பட்டாயோ அதை அடுத்த ஆட்டத்தில் எதிராளி பட வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்து "ஜோடி" என்கிறோம், எங்கள் பட்டியலில் முடிவு ஜோடிக்குத்தான்.

ஜோடியில் ஒரு எஞ்சின் எடுக்கக்கூடிய புள்ளிகள் ஐந்து விதம்: பூஜ்யம், அரை, ஒன்று, ஒன்றரை, இரண்டு. ஒன்று என்றால் சமம். இரண்டு டிரா ஆனாலும் ஒன்றுதான், ஆளுக்கு ஒரு ஆட்டம் ஜெயித்தாலும் ஒன்றுதான். போன தடவை ஒரு பையன், "அண்ணா, என் எஞ்சின் கறுப்பில் அவனை 23 நகர்த்தலில் அடித்தது" என்று குதித்தான், எதிராளி எஞ்சின் அதே வரிசையில் கறுப்பாக ஆடி அவன் எஞ்சினை 21 நகர்த்தலில் அடித்திருந்தது. அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது, ஆனால் ஜோடி சமம், அவ்வளவுதான்.

ஸ்டாக்ஃபிஷில் ஒரு சின்ன மாற்றம் செய்தால்கூட அதைச் சோதிக்க ஃபிஷ்டெஸ்ட் என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது, 2013லிருந்து ஓடுகிறது. உலகம் முழுக்கத் தொண்டர்கள் தங்கள் கம்ப்யூட்டரை இதற்கு இரவல் கொடுக்கிறார்கள். அங்கேயும் கணக்கு இந்த ஐந்து விதத்தில்தான். தனித்தனி ஆட்டமாக எண்ணுவதைவிட ஜோடியாக எண்ணினால் பிழை குறைகிறது, ஏனென்றால் ஓபனிங்கின் சாய்வு இரண்டு ஆட்டத்திலும் எதிரெதிராக விழுந்து கழிந்துபோகிறது.

சாய்வு எவ்வளவு இருக்கலாம்? இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ளலாமா?

இந்த விஷயத்துக்காகத்தான் நாங்கள் நான்கு பேரும் ராத்திரி பன்னிரண்டு மணி வரை சண்டை போட்டோம்.

பாரவண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். சமதரையில் எந்தக் காளையும் இழுத்துவிடும், எது பலமான காளை என்று தெரியாது. நேரே மருதமலைப் படிக்கட்டில் கொண்டுபோய் நிறுத்தினால் எந்தக் காளையும் இழுக்காது, அப்போதும் தெரியாது. ஒரு அளவான மேடு வேண்டும், நல்ல காளை மூச்சு வாங்கி ஏறிவிட வேண்டும், சுமாரான காளை பாதியில் நின்றுவிட வேண்டும்.

ஓபனிங்கும் அப்படியே. ரொம்பச் சமமாக இருந்தால் இரண்டு ஆட்டமும் டிரா, ஜோடி ஒன்றுக்கு ஒன்று. ரொம்பச் சாய்ந்திருந்தால் இரண்டு ஆட்டத்திலும் சாதகமான நிறம் எதுவோ அதுவே ஜெயிக்கும், அப்போதும் ஜோடி ஒன்றுக்கு ஒன்று. இரண்டிலும் கரன்ட் செலவானதுதான் மிச்சம். நடுவில் ஒரு இடம் இருக்கிறது: சாதகத்தை வெற்றியாக்கத் தெரிந்த எஞ்சின் ஜெயிக்கும், தெரியாதது டிராவில் விட்டுவிடும், தற்காக்கத் தெரிந்தது தப்பிக்கும், தெரியாதது தோற்கும். ஜோடி உடைவது அந்த இடத்தில்தான்.

அந்த இடத்தைக் கண்டுபிடிக்க ஸ்டாக்ஃபிஷே ஒரு அளவுகோல் தருகிறது. 2022 டிசம்பரில் வந்த 15.1 பதிப்பிலிருந்து அதன் மதிப்பீட்டு எண்ணுக்கு அர்த்தத்தை மாற்றிவிட்டார்கள். முன்பெல்லாம் +1 என்றால் ஒரு சிப்பாய் அளவு சாதகம் என்று தோராயமாகச் சொல்வோம். இப்போது +1 என்றால், தனக்குச் சமமான எஞ்சினோடு அங்கிருந்து ஆடினால் பாதி ஆட்டங்களில் ஜெயிக்கும் என்று பொருள். அதாவது வெற்றிக்கும் டிராவுக்கும் நடுவில் இருக்கிற வரப்பு அந்த +1. பலமான எஞ்சின்களைச் சோதிக்கிறவர்கள் +1ஐ ஒட்டிய ஓபனிங்குகளைப் பொறுக்கி வைத்துக்கொள்வது இதனால்தான்.

எங்கள் எஞ்சின்கள் அவ்வளவு துல்லியமாக ஆடுவதில்லை, அதனால் எங்களுக்குக் கொஞ்சம் குறைந்த சாய்வே போதும். கிங்ஸ் கேம்பிட்டைக் கொடுத்துக் கேட்டால் ஸ்டாக்ஃபிஷ் கறுப்புக்கு அரைப் புள்ளியை ஒட்டி, சில வரிசைகளில் அதற்கு மேலேயும் சாதகம் சொல்கிறது. பெரும்பாலும் இந்த மாதிரிப் போட்டிகளில் வெள்ளைக்குச் சாய்ந்த ஓபனிங்தான் வைப்பார்கள், நாங்கள் தலைகீழாக வைத்திருக்கிறோம். ஜோடிக் கணக்கில் எந்தப் பக்கம் சாய்ந்தால் என்ன.

அப்படியானால் ஏன் குறிப்பாகக் கிங்ஸ் கேம்பிட்?

பிடிக்கும், அதுதான் முதல் காரணம். இ4 இ5 எஃப்4. இரண்டாவது நகர்த்தலிலேயே வெள்ளை ஒரு சிப்பாயைத் தூக்கிக் கொடுத்துத் தன் ராஜாவின் பக்கவாட்டைத் திறந்து போட்டுக்கொள்கிறது. 1851இல் லண்டனில் ஆண்டர்சன் கிஸெரிட்ஸ்கியை வென்ற அந்தப் பிரபலமான ஆட்டம் கிங்ஸ் கேம்பிட்தான், இரண்டு யானையையும் ராணியையும் கொடுத்துவிட்டு மேட் வைத்தார்.

அப்புறம், இதன் மேல் எத்தனையோ பேர் "செத்துவிட்டது" என்று சான்றிதழ் எழுதியிருக்கிறார்கள். 1960இல் அர்ஜென்டினாவின் மார் டெல் பிளாட்டாவில், பின்னாளில் உலக சாம்பியன்கள் ஆன இருவர் மோதினார்கள்: ஸ்பாஸ்கி கிங்ஸ் கேம்பிட் ஆடி ஃபிஷரைத் தோற்கடித்தார். ஃபிஷர் சும்மா இருப்பாரா, அடுத்த வருடமே ஓர் அமெரிக்க இதழில் கட்டுரை எழுதி, மூன்றாவது நகர்த்தலில் கறுப்பு டி6 ஆடினால் கிங்ஸ் கேம்பிட் தோற்கும் என்று அடித்துச் சொன்னார். சொன்ன அதே மனிதர் இரண்டு வருடம் கழித்து அமெரிக்க சாம்பியன்ஷிப்பில் எவன்ஸுக்கு எதிராகத் தானே கிங்ஸ் கேம்பிட் ஆடி ஜெயித்தார். ஆனால் அந்த டி6 பலிக்காதபடி குதிரைக்குப் பதில் மந்திரியை வெளியே எடுத்தார், கெட்டிக்காரர்.

2012 ஏப்ரலில் இன்னொரு கூத்து. ரிப்கா எஞ்சினை எழுதிய வாசிக் ராஜ்லிக், பெரிய கம்ப்யூட்டர்களை வைத்துக் கிங்ஸ் கேம்பிட்டை முழுவதுமாகத் தீர்த்துவிட்டதாக ஒரு பேட்டி வெளியானது. கறுப்பு சிப்பாயை வெட்டிய பிறகு மந்திரியை இ2இல் வைப்பது ஒன்றுதான் டிரா, மற்ற எல்லாம் வெள்ளைக்குத் தோல்வி என்று. நிறையப் பேர் நம்பினார்கள், நானும்தான், இரண்டு பேருக்குப் போன் போட்டுச் சொல்லியும்விட்டேன். கடைசியில் பார்த்தால் ஏப்ரல் ஃபூல். கிங்ஸ் கேம்பிட் இன்றுவரை தீர்க்கப்படவில்லை.

ஓபனிங்கை நிர்ணயிப்பது உங்கள் கண்டுபிடிப்பா?

இல்லவே இல்லை. மனிதர்களே இதைச் செய்திருக்கிறார்கள். 1903இல் வியன்னாவில் பத்து ஆட்டக்காரர்களைக் கூப்பிட்டு எல்லா ஆட்டமும் கிங்ஸ் கேம்பிட்டாகவே ஆட வேண்டும், சிப்பாயை வெட்டியே தீர வேண்டும் என்று போட்டி வைத்தார்கள். ஒவ்வொருவரும் மற்றவரோடு இரண்டு ஆட்டம், நிறம் மாற்றி. நம் ஜோடிதான். சிகோரின் ஜெயித்தார்.

செக்கர்ஸில், அதாவது கட்டப் பலகையில் வட்டக் காய்களை வைத்து ஆடும் ஆட்டத்தில், இது இன்னும் கறாராக இருக்கிறது. நல்ல ஆட்டக்காரர்கள் மோதினால் எல்லாமே டிராவில் முடிகிறது என்பதால் அமெரிக்காவில் 1934 வாக்கில் முதல் மூன்று நகர்த்தல்களைச் சீட்டுக் குலுக்கி எடுக்கிற முறைக்கு மாறினார்கள். அவர்கள் பயந்தது சரிதான். 2007இல் சினூக் புரோகிராமை உருவாக்கிய ஜொனாதன் ஷாஃபர் குழு, இரண்டு பக்கமும் தப்பில்லாமல் ஆடினால் செக்கர்ஸ் டிராதான் என்று நிரூபித்தே விட்டது.

எஞ்சின் உலகில் 2010இல் தொடங்கிய டிசெக் போட்டிதான் பெரியது. அதன் இறுதிச் சுற்று நூறு ஆட்டம்: ஐம்பது ஓபனிங், ஒவ்வொன்றும் இரண்டு முறை. நாங்கள் அதைப் பார்த்துச் சூடு போட்டுக்கொண்ட பூனை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தெந்த வரிசைகள் வருகின்றன?

ஐந்து. பெயரெல்லாம் வாயில் நுழையாது, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். ஃபிஷர் சொன்ன அந்த டி6 வரிசை ஒன்று. மூன்றாவது நகர்த்தலில் மந்திரியை சி4க்கு எடுக்கிற பிஷப்ஸ் கேம்பிட் ஒன்று. கறுப்பு சிப்பாயை வெட்டாமல் டி5 என்று பதிலடி கொடுக்கிற ஃபால்க்பியர் ஒன்று. ஜி5, எச்4, ஜி4 என்று சிப்பாய்கள் முட்டிக்கொண்டு வெள்ளைக் குதிரை இ5இல் போய் உட்காருகிற கிஸெரிட்ஸ்கி ஒன்று, ஸ்பாஸ்கி ஃபிஷரை அடித்தது இதில்தான்.

ஐந்தாவது முஸியோ. இதில் வெள்ளை ஒரு குதிரையையே அம்போ என்று விட்டுவிட்டுக் கோட்டை கட்டிக்கொள்கிறது. சாய்வு பற்றி முன்பு சொன்ன அளவுகோலின்படி இது வரவே கூடாது, கறுப்புக்குச் சாதகம் ரொம்ப அதிகம், ஸ்டாக்ஃபிஷ் மாதிரி எஞ்சின்கள் ஆடினால் இரண்டு ஆட்டமும் கறுப்புதான் ஜெயிக்கும். மற்ற மூன்று பேரும் வேண்டாம் என்றார்கள், நான்தான் பிடிவாதமாக வைத்தேன். நம் பிள்ளைகளின் எஞ்சினில் பாதிக்குத் தன் ராஜாவைச் சுற்றி என்ன நடக்கிறது என்று சரியாக மதிப்பிடத் தெரியாது. ஒரு குதிரை கூட இருக்கிறது என்ற சந்தோஷத்தில் கறுப்பு ராணியை எங்கேயோ மேயவிட்டுவிட்டு மேட் வாங்கும். முஸியோவில் ஒரு எஞ்சின் கறுப்பில் தோற்றால், எழுதியவன் எந்தப் பகுதியைத் திருத்த வேண்டும் என்று அடுத்த நிமிடம் தெரிந்துவிடும். போட்டிக்கு அது நல்லதில்லைதான், பிள்ளைகளுக்கு நல்லது.

பிடிக்காத ஓபனிங்கைத் தலையில் கட்டினால் எஞ்சின் குழம்பாதா?

குழம்பாது. அதற்கு முன்கதை தெரியாது, தெரிந்தாலும் கவலை இல்லை. "தொடக்க நிலையிலிருந்து இந்த இந்த நகர்த்தல்கள் நடந்தன, இப்போது உன் முறை" என்று மட்டும்தான் போகும். நகர்த்தியது தானா, நாங்களா என்று அது கேட்பதில்லை. சில எஞ்சின்களுக்குள் சொந்தமாக ஓபனிங் புத்தகம் இருக்கும், அதைக் கண்டிப்பாக அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஐந்தாவது நகர்த்தலிலிருந்து யோசிக்காமல் மனப்பாடம் ஒப்பிக்க ஆரம்பிக்கும்.

ஸ்டாக்ஃபிஷை ஏன் சேர்க்கவில்லை?

சேர்த்தால் எல்லோரையும் இரண்டுக்குப் பூஜ்யம் என்று அடித்துவிட்டுப் போகும், பார்க்க என்ன இருக்கிறது? அதை நாங்கள் ஓபனிங் சாய்வு பார்க்க மட்டும் வைத்திருக்கிறோம்.

இதோடு ஒட்டிய கேள்வி: ஸ்டாக்ஃபிஷின் நிரலை (புரோகிராம் வரிகளை) எடுத்துக் கொஞ்சம் மாற்றி வேறு பெயர் வைத்துக் கொண்டுவரலாமா? கூடாது. அது திறந்த மூலம்தான், யாரும் எடுத்துப் படிக்கலாம், மாற்றலாம், ஆனால் எங்கிருந்து எடுத்தது என்று சொல்ல வேண்டும், மாற்றிய நிரலையும் திறந்து கொடுக்க வேண்டும், அதுதான் அதன் உரிமம். ஸ்டாக்ஃபிஷும் கிளாரங் என்ற பழைய எஞ்சினிலிருந்து 2008இல் பிறந்ததுதான், ஒளிவுமறைவு இல்லாமல். இந்த உரிம விஷயத்தில் ஸ்டாக்ஃபிஷ் குழு 2021இல் செஸ் மென்பொருள் விற்கும் செஸ்பேஸ் நிறுவனத்தின் மேல் ஜெர்மனியில் வழக்குப் போட்டு, அது 2022 நவம்பரில் சமரசத்தில் முடிந்தது. எங்கள் அளவில் கோர்ட்டெல்லாம் இல்லை, நிரலைக் கொண்டுவா, உட்கார்ந்து படிப்போம், "இந்த வரி எதற்கு?" என்று கேட்போம். எழுதியவனுக்குப் பதில் தெரியும். கருத்துகளை எடுத்துக்கொள்வதில் தப்பே இல்லை, ஆல்ஃபா பீட்டா தேடலை (பயனில்லாத நகர்த்தல்களைக் கழித்துவிட்டுத் தேடும் முறை) இனி ஒருவன் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

மொத்தம் எத்தனை ஆட்டம்? முடிவை நம்பலாமா?

எட்டு எஞ்சின்கள், ஒவ்வொன்றும் மற்ற ஏழோடும். 28 மோதல், மோதலுக்கு ஐந்து ஜோடி, ஆக 280 ஆட்டம். ஆளுக்கு மூன்று நிமிடம், நகர்த்தலுக்கு இரண்டு வினாடி கூடுதல். அறுபது நகர்த்தல் போகிற ஆட்டம் அதிகபட்சம் பத்து நிமிடம். ஒரே நேரத்தில் இரண்டு ஆட்டம் ஓட்டினால் ஒரு பகல் ஒரு ராத்திரியில் முடிந்துவிடும். நான்கு ஓட்டலாமே என்பீர்கள். கம்ப்யூட்டர் சூடானால் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், அப்போது எந்த எஞ்சினுக்கு எவ்வளவு வேகம் கிடைத்தது என்று யாருக்குத் தெரியும்? மார்கழியில் வைப்பதும் அதனால்தான், அறையில் ஏசி இல்லை.

நம்பலாமா என்றால், முதல் இடத்தையும் கடைசி இடத்தையும் ஓரளவு நம்பலாம், நடுவில் இருப்பதை நம்ப வேண்டாம். ஒரு கணக்கு சொல்கிறேன். இரண்டு எஞ்சின்களும் துல்லியமாகச் சமம், டிராவே கிடையாது என்று வைத்துக்கொண்டு பத்து ஆட்டம் ஆட விட்டால், காசு சுண்டுவது மாதிரிதான். அதில் ஏழுக்கு மூன்று, அல்லது அதைவிட வித்தியாசமான முடிவு, ஏதாவது ஒரு பக்கத்துக்குச் சாதகமாக, மூன்றில் ஒரு தடவை வரும். ஆகவே "உன் எஞ்சினை ஏழுக்கு மூன்று அடித்தேன்" என்று அவிநாசி வரை போய்த் தண்டோரா போட வேண்டியதில்லை. நூறு ஆட்டம் ஆடினால்கூட டிரா இல்லாத பட்சத்தில் எலோ மதிப்பில் (ஆட்டக்காரரின் பலத்தைச் சொல்லும் எண்) சுமார் 70 புள்ளி அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பிழை இருக்கும். பிழையைப் பாதியாக்க வேண்டுமானால் ஆட்டத்தை நான்கு மடங்காக்க வேண்டும். ஃபிஷ்டெஸ்டில் ஒரு சின்ன மாற்றத்துக்கே பல ஆயிரக்கணக்கில் ஆட்டம் ஓட்டுகிறார்கள் என்றால் காரணம் இதுதான்.

நடுவில் கரன்ட் போனால்?

போகும். போன தடவை ராத்திரி இரண்டரை மணிக்குப் போனது, யுபிஎஸ் இருபது நிமிடம் தாங்கியது, கரன்ட் வர ஒரு மணி நேரமானது. நின்ற ஆட்டத்தை நின்ற இடத்திலிருந்து தொடர்வதில்லை, ஏனென்றால் எஞ்சின் அதுவரை யோசித்து நினைவகத்தில் சேர்த்து வைத்ததெல்லாம் போயிருக்கும். அந்த ஆட்டம் மட்டும் அல்ல, அந்த ஜோடி முழுவதும் மறுபடி. முதல் ஆட்டத்தில் ஜெயித்திருந்தவன் கண்ணீர் விட்டாலும் சரி. எஞ்சின் தானே படுத்துவிட்டால், அதாவது கிராஷ் ஆனால், அது அதன் தோல்வி, மறு ஆட்டம் கிடையாது. நேரம் தீர்ந்து தோற்பதும் அப்படித்தான், கடைசி வினாடி வரை யோசிக்காமல் கொஞ்சம் மிச்சம் வைக்கும்படி எழுதிக்கொண்டு வாருங்கள்.

ஆட்டத்தை முழுசாக, மேட் வரை ஆடுவீர்களா?

ஆடுவோம். பெரிய போட்டிகளில் இரண்டு எஞ்சினும் ஒத்துக்கொண்டால் பாதியில் முடித்துவிடுவார்கள். எங்கள் எஞ்சின்களின் மதிப்பீட்டை நம்பி முடித்தால் விபரீதம், ஜெயிக்கிற ஆட்டத்தில் மூன்று தடவை ஒரே நிலையைக் கொண்டுவந்து டிரா கொடுத்த எஞ்சினையெல்லாம் பார்த்திருக்கிறோம். ஒரே விதிவிலக்கு, பலகையில் ஐந்து காய்களோ அதற்குக் குறைவாகவோ வந்துவிட்டால் சிசிஜி டேபிள்பேஸைப் பார்த்து, அதாவது சில காய்களே மிச்சமுள்ள நிலைகளுக்கு விடை எழுதி வைத்த கோப்புகளைப் பார்த்து, முடிவு சொல்லிவிடுவோம். ராஜாக்களையும் சேர்த்து ஏழு காய் வரை எல்லா நிலைக்கும் சரியான விடை 2018லேயே கணக்கிட்டாகிவிட்டது. ஐந்து காய்க்கான கோப்புகள் ஒரு ஜிபிக்குள் அடங்கும், ஆறு காய்க்கு 150 ஜிபி அளவு வேண்டும், அவ்வளவு பெரிய டிஸ்க்குக்கு எங்களிடம் காசில்லை.

என் பையன் செஸ் கிளாஸ் போகிறான். இதைப் பார்த்துக் கிங்ஸ் கேம்பிட் கற்றுக்கொள்ளட்டுமா?

ஈரோட்டு இனியன் 2019இல் கிராண்ட்மாஸ்டர் ஆன பிறகு எங்கள் பக்கம் செஸ் கிளாஸ் அனுப்பாத வீடு குறைவு, அதனால் இந்தக் கேள்வி நிறைய வருகிறது. தாராளமாகக் கற்றுக்கொள்ளட்டும். எஞ்சின் "கறுப்புக்கு அரைப் புள்ளி" என்று சொல்வது எஞ்சின்களுக்கு நடுவில் மட்டும் பொருள் உள்ள பேச்சு. எதிரே உட்கார்ந்திருக்கும் பன்னிரண்டு வயதுப் பையனுக்கு அந்த அரைப் புள்ளியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாது. தாக்குவது எப்படி, திறந்த கோடுகளில் யானையை எப்படிக் கொண்டுவருவது என்று படிக்க இதைவிட நல்ல இடம் இல்லை.

ஒரு விஷயம் மட்டும். ஆட்டம் முடிந்த உடனே எஞ்சினைத் திறந்து காட்டாதீர்கள். முதலில் எங்கே தப்பு என்று அவனே சொல்லட்டும், அப்புறம் எஞ்சினைக் கேளுங்கள். நேரே எஞ்சினைத் திறந்தால் பையன் படிப்பது எண்ணைத்தான், ஆட்டத்தை அல்ல.

அடுத்த வருடம் என்ன ஓபனிங்?

இன்னும் சண்டை முடியவில்லை. ஒருவர் பிரெஞ்ச் என்கிறார், மையத்தில் சிப்பாய்கள் பூட்டிக்கொண்டு நிற்கும்போது எந்த எஞ்சினுக்குப் பொறுமை இருக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். இன்னொருவர் கிங்ஸ் இந்தியன். எனக்குப் பெங்கோ கேம்பிட், கறுப்பு ஒரு சிப்பாயைக் கொடுத்துவிட்டு இருபது நகர்த்தலுக்கு அவசரப்படாமல் அழுத்திக்கொண்டே இருக்கும், அந்த அழுத்தத்தை எண்ணாக மாற்றச் சின்ன எஞ்சின்கள் திணறும். நான்காவது ஆள் எதுவும் சொல்லவில்லை, முஸியோவை மட்டும் எடுத்துவிட்டால் எதுவானாலும் சரி என்கிறார்.